நார்த் சீ போர்ட்

நார்த் சீ போர்ட் (வடகடல் துறைமுகம் எனப் பொருள்படும்) என்பது நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய இரு நாடுகளின் எல்லைக்குக் குறுக்கே அமைந்துள்ள கடல் துறைமுகம் ஆகும். நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் உள்ள பிளிசிங்கன், டெர்னூசன் துறைமுகங்களும், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள கெண்ட் துறைமுகமும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டதால் இது உருவானது. இணைப்பு ஒப்பந்தம் 2017 டிசம்பர் 8 அன்று கையெழுத்தானது. 2018 முதல் மூன்று துறைமுகங்களும் ஒரே பெயரில் இயங்கி வருகின்றன. தலைமையகம் டெர்னூசனில் உள்ளது.

வடகடலின் வாயிலில் உள்ள பிளிசிங்கனில் தொடங்கி உள்நாட்டில் உள்ள கெண்ட் நகரம் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்திற்கு இத்துறைமுகம் பரந்துள்ளது. இதன் பரப்பு ஏறத்தாழ 9,100 எக்டேர். 2022 ஆம் ஆண்டில் கடல் வழியாக மட்டும் 73 மில்லியன் டன்னுக்கும் மேற்பட்ட சரக்கு இங்கு கையாளப்பட்டது. ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் ஆகிய இரு பெருந்துறைமுகங்களுக்கு நடுவே இருந்தும், அவற்றைப் போலக் கொள்கலன்களை நம்பாமல், இரும்புத்தாது, நிலக்கரி, வேதிப்பொருள், தானியம், உரம் போன்ற சரக்குகளை நம்பி வளர்ந்தது இதன் சிறப்பு.

அமைவிடம்

ஷெல்ட் ஆறு பிரான்சில் தோன்றி, பெல்ஜியத்தில் கெண்ட், ஆண்ட்வெர்ப் நகரங்கள் வழியாக ஓடி, நெதர்லாந்தில் கடலில் கலக்கிறது. அதன் அகன்ற கழிமுகம் மேற்கு ஷெல்ட் எனப்படுகிறது. கழிமுகத்தின் இரு கரைகளும் நெதர்லாந்துக்கு உரியவை. வடகரையில் பிளிசிங்கனும் தென்கரையில் டெர்னூசனும் உள்ளன. டெர்னூசனில் இருந்து தெற்கு நோக்கி 32 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று கெண்ட் நகருக்குச் செல்கிறது. இக்கால்வாயின் ஏறக்குறைய பாதி நெதர்லாந்திலும் மறுபாதி பெல்ஜியத்திலும் உள்ளது.

எனவே கெண்ட் ஒரு கடல் துறைமுகமாக இருந்தாலும் அதன் வாயிற்கதவு வேறொரு நாட்டில் உள்ளது. டெர்னூசனில் நெதர்லாந்து மண்ணில் கட்டப்பட்டுள்ள நீர்ப்பூட்டைக் கடக்காமல் எந்தக் கடற்கப்பலும் கெண்ட்டை அடைய முடியாது. இத்துறைமுகத்தின் நானூறு ஆண்டு வரலாற்றையும், 2017 இல் நடந்த இணைப்பையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்வது போதுமானது.

டெர்னூசன் அமைந்துள்ள தென்கரை நிலப்பகுதி, சீலாந்து பிளாண்டர்ஸ் எனப்படுகிறது. நெதர்லாந்தின் ஏனைய பகுதிகளில் இருந்து இதனை ஷெல்ட் கழிமுகம் பிரிக்கிறது. 6.6 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்கு ஷெல்ட் சுரங்கச்சாலை 2003 ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரை, இப்பகுதி மக்கள் தம் சொந்த நாட்டின் மறுபகுதிக்குச் செல்லப் படகில் ஏற வேண்டும், அல்லது பெல்ஜியத்தைச் சுற்றிச் செல்ல வேண்டும். நில வழியில் பார்த்தால் டெர்னூசனுக்கு அண்டை நகரம் எப்போதும் கெண்ட்தான்.

வரலாறு

மூடப்பட்ட கடல்வழி

இடைக்காலத்தில் கெண்ட் துணி நெசவில் புகழ்பெற்ற பெருநகரமாக விளங்கியது. கடலுக்குச் செல்லும் பழைய நீர்வழிகள் தூர்ந்துபோனதால், 1547 இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் புதிய கால்வாய் ஒன்றை வெட்ட அந்நகருக்கு அனுமதி அளித்தார். கெண்ட்டில் பிறந்தவர் அவர். அக்கால்வாய் வடக்கே கடல்நீர் ஏறும் இடத்தில் முடிந்தது. அங்கு கட்டப்பட்ட நீர்ப்பூட்டைச் சுற்றி எழுந்த ஊர் சாஸ் வான் கெண்ட் எனப்பட்டது. 'கெண்ட்டின் நீர்ப்பூட்டு' என்பது அப்பெயரின் பொருள். இன்று அவ்வூர் நெதர்லாந்தில் உள்ளது. பெயரில் மட்டும் கெண்ட் தங்கிவிட்டது.

ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக வடமாகாணங்கள் நடத்திய நீண்ட போரின்போது 1644 இல் சாஸ் வான் கெண்ட்டை டச்சுப் படைகள் கைப்பற்றின. 1648 இல் ஏற்பட்ட மியூன்ஸ்டர் உடன்படிக்கை இந்நிலையை உறுதி செய்தது. அதன் பதினான்காம் பிரிவின்படி ஷெல்ட் ஆற்றையும் சாஸ் கால்வாயையும் டச்சுக்காரர் மூடியே வைத்திருக்கலாம். ஆம்ஸ்டர்டாமின் வணிகம் ஓங்கியதற்கும் ஆண்ட்வெர்ப், கெண்ட் ஆகியவற்றின் கடல் வணிகம் தளர்ந்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம் ஆகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் இப்பகுதியைக் கைப்பற்றிய பிறகே 1795 இல் ஷெல்ட் மீண்டும் திறக்கப்பட்டது.

கெண்ட் - டெர்னூசன் கால்வாய்

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் இன்றைய நெதர்லாந்தும் பெல்ஜியமும் முதலாம் வில்லியம் அரசரின் கீழ் ஒரே நாடாக இணைக்கப்பட்டன. எல்லை இல்லாத அந்தக் குறுகிய காலத்தில்தான் இன்றைய கால்வாய் பிறந்தது. பழைய கால்வாய் டெர்னூசன் வரை நீட்டப்பட்டு 1827 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது.

மூன்றே ஆண்டுகளில், 1830 இல், பெல்ஜியம் புரட்சி செய்து பிரிந்தது. கால்வாய் இரண்டாகப் பிரிந்தது. டச்சுக்காரர் கதவை மூடினர். 1839 இல் இலண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு, 1841 இல்தான் கப்பல்கள் மீண்டும் கெண்ட்டுக்குச் செல்லத் தொடங்கின. அன்று முதல் கால்வாயை ஆழப்படுத்தவோ, நீர்ப்பூட்டைப் பெரிதாக்கவோ ஒவ்வொரு முறையும் இரு நாடுகளும் உடன்பாடு காண வேண்டியிருந்தது. 1870 களிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்வாறு விரிவாக்கங்கள் நடந்தன.

இவற்றுள் மிகப் பெரியது 1960 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நடந்த விரிவாக்கம் ஆகும். டெர்னூசனில் 290 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட மேற்கு நீர்ப்பூட்டு கட்டப்பட்டு 1968 இல் திறக்கப்பட்டது. 265 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் மூழ்கு ஆழமும் உள்ள கப்பல்கள் இதன்பின் கெண்ட் வரை வர முடிந்தது. இந்த எதிர்பார்ப்பிலேயே 1962 இல் சிட்மார் என்னும் உருக்கு நிறுவனம் தொடங்கப்பட்டுக் கால்வாய்க் கரையில் பெரும் ஆலை எழுந்தது. இன்று அது ஆர்செலர் மிட்டல் குழுமத்திற்கு உரியது. 1965 இல் வோல்வோ கார் ஆலையும் கெண்ட்டில் அமைந்தது. கடலில் இருந்து 50 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு நாட்டின் கதவுக்குப் பின்னால் ஓர் உருக்காலையைக் கட்டுவது துணிச்சலான முடிவே ஆகும்.

நீர்ப்பூட்டு இயங்கும் முறை

லாக் எனப்படும் நீர்ப்பூட்டு, இருபுறமும் கதவுகள் கொண்ட ஒரு நீண்ட தொட்டி. டெர்னூசனில் கடல்நீர் மட்டம் ஒவ்வொரு ஓதத்திலும் 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கால்வாயின் நீர்மட்டமோ ஏறத்தாழ நிலையாக வைக்கப்படுகிறது. கப்பல் தொட்டிக்குள் நுழைந்ததும் கடல்புறக் கதவு அடைக்கப்படும். பின்னர் தொட்டியின் நீர்மட்டம் கால்வாயின் மட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு உட்புறக் கதவு திறக்கப்படும். கப்பல் வெளியேறும்போது இது தலைகீழாக நடக்கும்.

இம்முறையில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, தொட்டியின் அளவே கப்பலின் அளவைத் தீர்மானிக்கிறது. அதைவிடப் பெரிய கப்பல் கெண்ட்டைப் பொறுத்தவரை இல்லாத கப்பலே. ஒரே ஒரு பெரிய நீர்ப்பூட்டு மட்டும் இருந்தால், பழுதுபார்ப்பு நாட்களில் பெருங்கப்பல்களுக்குத் துறைமுகமே மூடப்பட்டதாகிவிடும். 1968 முதல் 2024 வரை நிலைமை இதுவாகவே இருந்தது.

இரண்டாவது குறை உப்பு. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கடலின் உப்புநீர் கால்வாய்க்குள் புகுகிறது. உப்புநீர் கனமானது என்பதால் அடியில் தங்கித் தெற்கு நோக்கி ஊர்கிறது. அதை வெளியே தள்ள மேலிருந்து நன்னீர் தொடர்ந்து வரவேண்டும். 1960 உடன்படிக்கையில், நொடிக்குச் சராசரியாக 13 கன மீட்டர் நன்னீரைக் கால்வாய்க்குள் விடுவதாகப் பெல்ஜியம் ஒப்புக்கொண்டது. வறண்ட கோடைகளில் இந்த அளவைக் கொடுப்பது கடினமாகிறது. ஷெல்ட், லெய் ஆறுகளின் நீர் பிளாண்டர்ஸின் ஏனைய கால்வாய்களுக்கும் தேவைப்படுவதே காரணம். இவ்வாறு கப்பல் போக்குவரத்து பற்றிய ஓர் ஒப்பந்தம் ஆற்றுநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தமாகவும் அமைந்துள்ளது.

புதிய நீர்ப்பூட்டு

பெரிய நீர்ப்பூட்டு வேண்டும் எனக் கெண்ட் நகரம் பல ஆண்டுகள் கேட்டு வந்தது. அதனால் அதிகப் பயன் பெறுவது பெல்ஜியம். கட்ட வேண்டிய இடமோ நெதர்லாந்து. யார் எவ்வளவு கொடுப்பது என்பதே பேச்சுவார்த்தை நீண்டதற்குக் காரணம். 2012 இல் கொள்கை அளவில் உடன்பாடு ஏற்பட்டு, 2015 பிப்ரவரியில் உடன்படிக்கை கையெழுத்தானது. செலவின் பெரும்பகுதியைப் பிளாண்டர்ஸ் அரசு ஏற்றது. நெதர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் எஞ்சியதைப் பகிர்ந்துகொண்டன.

கட்டுமானம் 2017 இன் இறுதியில் தொடங்கியது. 2022 இல் முடிக்கத் திட்டமிடப்பட்டிருந்த பணி தாமதமாகி, 2024 அக்டோபர் 11 அன்று நெதர்லாந்து அரசர் வில்லியம் அலெக்சாண்டரும் பெல்ஜிய அரசர் பிலிப்பும் சேர்ந்து புதிய நீர்ப்பூட்டைத் திறந்து வைத்தனர். இதன் நீளம் 427 மீட்டர், அகலம் 55 மீட்டர், ஆழம் ஏறத்தாழ 16 மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் இது பனாமா கால்வாயில் 2016 இல் திறக்கப்பட்ட புதிய நீர்ப்பூட்டுகளுக்கு நிகரானது.

ஆயினும் நீர்ப்பூட்டு பெரிதானதால் மட்டும் பெரிய கப்பல்கள் கெண்ட்டை அடைந்துவிட முடியாது. அதற்குப் பின்னால் உள்ள கால்வாயின் ஆழமும் பாலங்களின் இடைவெளியும் முன்பு இருந்தவாறே உள்ளன. இதன் உடனடிப் பயன் காத்திருப்பு நேரம் குறைந்ததும், ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும் என்ற உறுதி கிடைத்ததும் ஆகும். கால்வாயை ஆழப்படுத்துவது தனியாக முடிவு செய்யப்பட வேண்டிய செய்தி. அதற்கும் இரு அரசுகளின் ஒப்புதல் தேவை.

இணைப்பு

பிளிசிங்கன், டெர்னூசன் துறைமுகங்கள் 1998 இல் சீலாந்து சீபோர்ட்ஸ் என்ற பெயரில் ஒன்றாயின. அப்போதும் கெண்ட் தனி நிறுவனமாகவே இருந்தது. ஒரே கால்வாயின் இரு முனைகளில் இருந்த இரண்டு துறைமுகங்களும் ஒரே தொழிற்சாலைகளை ஈர்க்கப் போட்டியிட்டன. ஒரே அமைச்சகங்களிடம் தனித்தனியாக விண்ணப்பித்தன.

சீலாந்து சீபோர்ட்ஸுக்கு வேறொரு நெருக்கடியும் இருந்தது. பிளிசிங்கனில் இருந்த அலுமினிய உருக்காலை 2011 இன் இறுதியிலும், தெர்ம்பாஸ் என்ற பாசுபரசு ஆலை 2012 இலும் நொடித்துப்போயின. பாசுபரசு ஆலை விட்டுச்சென்ற நச்சுக் கழிவுகளை அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்து, எதிர்பார்த்ததைவிட மிகுந்த பணத்தை விழுங்கியது. ஒரு துறைமுக நிறுவனம் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது, அந்நிலத்தின் மேல் நடக்கும் தொழிலின் ஆபத்தையும் ஓரளவு ஏற்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2017 இறுதியில் இரு தரப்பும் சம பங்காளிகளாக இணைந்தன. 50 விழுக்காட்டுப் பங்குகள் நெதர்லாந்துத் தரப்பிடமும் 50 விழுக்காட்டுப் பங்குகள் பெல்ஜியத் தரப்பிடமும் உள்ளன. நெதர்லாந்துப் பங்கில் பாதி சீலாந்து மாகாணத்திற்கும், மறுபாதி பிளிசிங்கன், டெர்னூசன், போர்செலே ஆகிய மூன்று நகராட்சிகளுக்கு சமமாகவும் உரியது. பெல்ஜியப் பங்கில் ஏறக்குறைய முழுவதும் கெண்ட் நகரத்திடம் உள்ளது. கிழக்கு பிளாண்டர்ஸ் மாகாணமும் ஏவர்கெம், செல்சாட்டே ஆகிய சிற்றூர்களும் மிகச் சிறிய பங்குகளை வைத்துள்ளன. தனியாருக்குப் பங்கு இல்லை.

இரு நாடுகளின் சட்டங்களுக்கும் பொதுவாக, ஐரோப்பிய நிறுவனம் என்ற சட்ட வடிவில் தலைமை நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் கீழ் நெதர்லாந்துக்கு ஒன்றும் பிளாண்டர்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு துணை நிறுவனங்கள் உள்ளன. தொடக்கத்தில் இரு தரப்பிலிருந்தும் ஒருவராக இரண்டு தலைமை அலுவலர்கள் இருந்தனர்.

எல்லை தாண்டிய துறைமுக இணைப்பில் இது முதலாவது அன்று. டென்மார்க்கின் கோபன்ஹேகனும் சுவீடனின் மால்மோவும் 2001 இல், ஓரெசுண்ட் பாலம் திறக்கப்பட்ட மறு ஆண்டில், துறைமுக இயக்கத்தை ஒன்றிணைத்தன. ஆனால் அங்கு இரு துறைமுகங்களும் தனித்தனியே கடலை எட்ட முடியும். இங்கு ஒன்றின் கதவு மற்றொன்றின் வீட்டில் உள்ளது.

இணையாதவை

இரண்டு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் சரக்குகள் எல்லையைத் தடையின்றிக் கடக்கின்றன. நாணயமும் ஒன்றே, மொழியும் டச்சு மொழியே. எனினும் துறைமுக நிறுவனத்தின் இணைப்பு நாடுகளின் இணைப்பு ஆகாது.

துறைமுகத் தொழிலாளர் சட்டம் இதற்குத் தெளிவான சான்று. பெல்ஜியத்தில் 1972 இல் இயற்றப்பட்ட மேஜர் சட்டத்தின்படி, துறைமுகப் பகுதியில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் வேலையை அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத் தொழிலாளர் மட்டுமே செய்யலாம். நெதர்லாந்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே ஒரே துறைமுகத்தில், ஒரே கால்வாயின் கரையில், ஒரே வகைச் சரக்கை இறக்க எல்லையின் இருபுறமும் இரு வேறு ஏற்பாடுகள் உள்ளன. வரி, சுற்றுச்சூழல் அனுமதி, நில உரிமை ஆகியனவும் அந்தந்த நாட்டின் சட்டத்தின்படியே நடைபெறுகின்றன.

கப்பல்களை வழிநடத்துவதில் மட்டும் நீண்டகால ஒத்துழைப்பு இருந்து வருகிறது. மேற்கு ஷெல்ட் மணல்திட்டுகள் நிறைந்தது, அவை அடிக்கடி இடம் மாறுபவை. எனவே கப்பல் தலைவருக்கு உதவியாக உள்ளூர் வழிகாட்டி மாலுமி ஏற வேண்டும். இப்பணியை 1839 உடன்படிக்கையை அடியொற்றி டச்சு, பிளாண்டர்ஸ் வழிகாட்டிகள் பகிர்ந்துகொள்கின்றனர். கெண்ட் செல்லும் கப்பலில் கடலில் ஒரு வழிகாட்டி ஏறுகிறார். பிளிசிங்கனுக்கு எதிரே அவர் இறங்க, ஆற்று வழிகாட்டி ஏறுகிறார். டெர்னூசனில் கால்வாய் வழிகாட்டி பொறுப்பேற்கிறார். ஷெல்ட் பகுதிக் கப்பல் போக்குவரத்தை இரு நாட்டு அலுவலர்களும் சேர்ந்து பிளிசிங்கனில் உள்ள மையத்தில் இருந்து கண்காணிக்கின்றனர்.

சரக்குகளும் தொழில்களும்

இத்துறைமுகத்திற்கு வரும் சரக்கின் கணிசமான பகுதி இங்கேயே பயன்படுத்தப்படுகிறது. கொள்கலன் துறைமுகத்தில் பெட்டி இறங்கி, சரக்குந்தில் ஏறி எங்கோ சென்றுவிடும். இங்கோ கப்பல் இறங்கும் இடத்திலேயே ஆலை உள்ளது. பிளிசிங்கனில் ஒரு பெரிய கொள்கலன் முனையம் கட்டும் திட்டம் முன்னர் இருந்தது. அதன் அனுமதியை நெதர்லாந்தின் அரசாங்க மன்றம் 2003 இல் நீக்கியது. முனையம் கட்டப்படவே இல்லை. பின்னோக்கிப் பார்க்கையில், ஆண்ட்வெர்ப்புடனும் ராட்டர்டாமுடனும் நேருக்கு நேர் மோதும் நிலையிலிருந்து இத்துறைமுகம் தப்பியது என்றும் கூறலாம்.

கெண்ட்டின் முதன்மைச் சரக்கு உருக்காலைக்கான இரும்புத்தாதும் நிலக்கரியும் ஆகும். தாது ஏற்றி வரும் பெருங்கப்பல்கள் பல, கால்வாய்க்குள் நுழைய முடியாத அளவுக்கு ஆழமாக அமிழ்ந்திருக்கும். அவை மேற்கு ஷெல்ட்டில் நங்கூரமிட்டு, தாதுவின் ஒரு பகுதியைச் சிறிய கலங்களுக்கு மாற்றி எடையைக் குறைத்துக்கொண்ட பிறகே நீர்ப்பூட்டுக்குள் வருகின்றன. இறக்கப்பட்ட பகுதி பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகளில் பின்தொடர்கிறது. ஆழம் குறைந்த ஒரு கால்வாய்க்கு ஆண்டுதோறும் செலுத்தப்படும் கட்டணம் என இதைக் கொள்ளலாம்.

கெண்ட்டில் இருந்து சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்குச் சக்கர வாகனங்களை அப்படியே ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஒழுங்காகச் செல்கின்றன. வோல்வோ கார்களும் உதிரிப் பாகங்களும் இவ்வழியாகவே இரு நகரங்களுக்கிடையே பயணிக்கின்றன. பிரேசிலில் இருந்து ஆரஞ்சுப் பழச்சாறு தனித் தொட்டிக் கப்பல்களில் மொத்தமாகக் கெண்ட்டுக்கு வருவது பலர் அறியாத செய்தி. ஐரோப்பாவின் காலை உணவு மேசைக்குச் செல்லும் சாற்றில் ஒரு பகுதி இங்குள்ள குளிர்த் தொட்டிகளில் தங்கிச் செல்கிறது.

டெர்னூசனில் டௌ நிறுவனத்தின் உலகின் மிகப்பெரிய வேதியியல் ஆலைத்தொகுதிகளுள் ஒன்று உள்ளது. அருகில் உள்ள ஸ்லாய்ஸ்கிலில் யாரா நிறுவனத்தின் உர ஆலை உள்ளது. டௌ ஆலையில் உபபொருளாகக் கிடைக்கும் ஐதரசன், முன்பு இயற்கை எரிவளி சென்ற 12 கிலோமீட்டர் குழாய் வழியாக 2018 முதல் யாராவுக்கு அனுப்பப்படுகிறது. உர ஆலையின் எஞ்சிய வெப்பமும் கரியமில வாயுவும் அண்மையில் உள்ள கண்ணாடிப் பசுமை இல்லங்களில் காய்கறி வளர்க்கப் பயன்படுகின்றன. கெண்ட் உருக்காலையின் கழிவு வாயுவில் இருந்து எத்தனால் தயாரிக்கும் பிரிவு 2022 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதே நேரம், நிலக்கரிக்கு மாற்றான புதிய உருக்கு உற்பத்தி முறைக்கான ஐரோப்பிய முதலீடுகளை ஆர்செலர் மிட்டல் 2024 இறுதியில் தள்ளிவைத்தது. தாதுவும் நிலக்கரியும் முதன்மைச் சரக்காக உள்ள ஒரு துறைமுகத்திற்கு இது வெறும் ஆலைச் செய்தி அன்று.

பிளிசிங்கனின் துறைகள் கடலுக்கு மிக அருகில், நீர்ப்பூட்டு இல்லாமல் அமைந்தவை. எனவே ஆழமான கப்பல்கள் இங்கேயே நிற்கின்றன. வாழைப்பழம், மரக்கூழ், உலோகம், எண்ணெய் முதலியன இங்கு இறங்குகின்றன. கடலில் நிறுவப்படும் காற்றாலைகளின் தூண்களும் இறக்கைகளும் இங்கு அடுக்கப்பட்டுக் கப்பலேறுகின்றன. 2010 களின் முற்பகுதியில் பிளிசிங்கன் வேறொரு காரணத்தால் உலக உலோகச் சந்தையில் பேசப்பட்டது. இலண்டன் உலோகச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற இங்குள்ள கிடங்குகளில் அலுமினியம் மலைபோல் குவிந்து, அதை வெளியே எடுக்க ஓராண்டுக்கும் மேல் வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

2022 வரை இத்துறைமுகத்தின் மிகப்பெரிய கடல்வழி வணிகக் கூட்டாளி ரஷ்யாவாக இருந்தது. உக்ரைன் போரைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட தடைகளால் அந்நிலை மாறி, அமெரிக்கா முதலிடத்திற்கு வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் வேறு தொலைநாடுகளில் இருந்து தருவிக்கப்பட்டன. 2022 இன் உச்சத்திற்குப் பின், ஐரோப்பியத் தொழில்துறையின் தளர்ச்சியால் 2023 இல் சரக்களவு குறைந்தது.

பின்னிலத் தொடர்புகள்

இங்கிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் சரக்கில் பாதிக்கும் மேற்பட்டது பார்ஜ்கள் மூலம் செல்கிறது. கெண்ட், ஷெல்ட்டும் லெய் ஆறும் கூடும் இடம். நகரைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள வட்டக் கால்வாய் இவ்விரு ஆறுகளையும் டெர்னூசன் கால்வாயையும் இணைக்கிறது. இதனால் வடக்கு பிரான்சும் ரைன் ஆற்றுப் பகுதியும் நீர்வழியிலேயே எட்டத்தக்கவை.

சாலை வழியில் பழைய இடையூறு பாலங்களே. கப்பல் வரும்போது பாலம் திறக்க, வாகனங்கள் நிற்க வேண்டும். செல்சாட்டேயில் 1968 இலும், ஸ்லாய்ஸ்கிலில் 2015 இலும் கால்வாய்க்கு அடியில் சுரங்கச்சாலைகள் அமைக்கப்பட்டு இக்குறை பெரிதும் நீங்கியது.

தொடர்வண்டிக்கு அத்தகைய தீர்வு கிடைக்கவில்லை. கால்வாயின் கிழக்குக் கரையில் நெதர்லாந்துப் பாதை ஆக்சல் ஊருக்கு அருகே நின்றுவிடுகிறது. சில கிலோமீட்டர் தெற்கே, செல்சாட்டேயில், பெல்ஜியப் பாதை தொடங்குகிறது. இடையில் தண்டவாளம் இல்லை. எனவே கிழக்குக் கரையில் இருந்து புறப்படும் சரக்கு வண்டி, ஸ்லாய்ஸ்கிலில் கப்பல்களுக்காகத் திறக்கும் பாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். விடுபட்ட இந்தத் துண்டை அமைப்பது, ஸ்லாய்ஸ்கிலில் நேர் வளைவு ஒன்றை இடுவது, கெண்ட் பக்கத்தில் ஓர் இணைப்புப் பாதை அமைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் கெண்ட் - டெர்னூசன் தொடர்வண்டித் திட்டம் எனப்படுகிறது. துறைமுக நிறுவனம் இதை இரு அரசுகளிடமும் முன்வைத்து வருகிறது. இரு நாட்டுத் தேசிய வரைபடங்களிலும் இத்துண்டு ஒரு மூலையில் உள்ள சிறு கோடு மட்டுமே என்பதால், அது எந்த அரசின் முன்னுரிமைப் பட்டியலிலும் எளிதில் மேலே வருவதில்லை.

தெற்கே, பிரான்சில் சீன் ஆற்றையும் வடபகுதி நீர்வழிகளையும் இணைக்கும் 107 கிலோமீட்டர் நீளமுள்ள சீன் - வட ஐரோப்பா கால்வாய் கட்டப்பட்டு வருகிறது. அது முடிந்ததும் 4,400 டன் வரை ஏற்றும் பார்ஜ்கள் பாரிஸ் பகுதியில் இருந்து கெண்ட் வரை நேராக வரலாம். அதற்கு ஈடுகொடுக்க லெய் ஆற்றில் பாலங்கள் உயர்த்தப்பட்டும் நீர்ப்பூட்டுகள் பெரிதாக்கப்பட்டும் வருகின்றன. 1648 இல் வடக்கே மூடப்பட்ட நீர்வழி தெற்கேயும் அகலத் திறக்கவிருக்கிறது. அவ்வழியே வரும் கற்கள், மணல், தானியம் ஆகியவற்றை இறக்கிக் கடற்கப்பலில் ஏற்றும் வாய்ப்பு கெண்ட்டுக்கும் உண்டு, சீன் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கும் உண்டு.